அழையா விருந்தாளிக்கும் இலை உண்டு! செர்பியர் வீட்டுச் சாப்பாடும் சம்பிரதாயமும்

செர்பியர் வீட்டுக்குள் விருந்தாளி காலடி வைத்ததும், பழைய வழக்கப்படி அவர் முன் முதலில் வருவது ஒரு தட்டு. அதில் ஒரு கிண்ணம் பழப்பாகு, சில சிறு கரண்டிகள், சில டம்ளர் தண்ணீர் இருக்கும். வந்தவர் ஒரே ஒரு கரண்டி பாகை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீரைக் குடிக்க வேண்டும். வாய் வைத்த கரண்டியை மறுபடி கிண்ணத்தில் போட்டுவிடக் கூடாது. காலி டம்ளரில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் காபி. வந்த காரியம் என்ன என்ற பேச்சே அதற்கும் பிறகுதான்.

இந்தப் பாகுக்கு 'ஸ்லாட்கோ' என்று பெயர். இனிப்பு என்பதே அதன் பொருள். பிளம், செர்ரி, காட்டு ஸ்ட்ராபெரி, ரோஜா இதழ், பிஞ்சு அக்ரூட் என்று எது கிடைக்கிறதோ அதைச் சர்க்கரைப் பாகில் போட்டு, பழம் உடையாமல் முழுசாக இருக்கும்படி காய்ச்சி எடுக்கிறார்கள். பாகு பதமாக வந்திருக்கிறதா, பழம் குழையாமல் இருக்கிறதா என்பதை வைத்தே வீட்டுக்காரியின் கைத்திறனை எடைபோட்டுவிடுவார்களாம் அக்கம்பக்கத்துப் பெண்கள். நகரத்து அடுக்குமாடி வீடுகளில் இந்தத் தட்டு அருகி வருகிறது. ஆனாலும், வந்தவர் வாயில் ஏதாவது படாமல் அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்ற எண்ணம் மட்டும் அங்கும் மாறவில்லை.

ஒரு வீடு எதனால் வீடாகிறது என்ற கேள்விக்குச் செர்பியர்கள் தரும் பதில் அவர்களுடைய சாப்பாட்டு மேஜையில்தான் இருக்கிறது. கூட்டுக் குடும்பம் உடைந்து, சகோதரர்கள் பிரிந்து, பிள்ளைகள் பிழைப்புக்காகப் பரதேசம் போன பிறகும் அந்த மேஜை எப்படித் தப்பிப் பிழைத்தது என்பது, ஊர் விட்டு ஊர் வந்து உழைப்பவர்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

டிட்டோவின் நாடு

செர்பியா என்றால் உடனே பிடிபடாதவர்களுக்கும் யுகோஸ்லாவியா என்ற பெயர் பழக்கமானது. 1961 செப்டம்பரில் அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாடு அதன் தலைநகரான பெல்கிரேடில்தான் கூடியது. மார்ஷல் டிட்டோ தலைமை தாங்கி அழைக்க, நேருவும் நாசரும் அங்கே போய்க் கலந்துகொண்டார்கள். அந்த யுகோஸ்லாவியா 1991 முதல் ஒவ்வொரு துண்டாகப் பிரிந்தது. 2006-ம் ஆண்டில் மாண்டிநீக்ரோவும் விலகியபின் செர்பியா தனி நாடாக நின்றது. பெல்கிரேடுதான் இன்றும் தலைநகர். கடற்கரை இல்லாத நாடு. டான்யூப் நதி குறுக்கே பாய்கிறது. வடக்கே சமவெளி, தெற்கிலும் மேற்கிலும் மலைகள். மக்களில் பெரும்பாலோர் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள். அவர்களுடைய திருச்சபை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றுவதால், அங்கே கிறிஸ்துமஸ் பண்டிகை ஜனவரி 7-ந் தேதி வருகிறது.

ஒரே அடுப்பு, ஒரே பந்தி

பழைய செர்பியக் கிராமங்களில் கூட்டுக் குடும்பத்துக்கு 'ஸாத்ருகா' என்று பெயர். தகப்பன், கல்யாணமான பிள்ளைகள், மருமகள்கள், பேரக் குழந்தைகள் எல்லோரும் ஒரே சொத்து, ஒரே உழைப்பு, ஒரே உலை என்று வாழ்ந்தார்கள். மேற்கே ஸ்லாட்டிபோர் மலைப் பகுதியில், சிரோகொய்னோ என்ற கிராமத்தில், அக்காலத்து மர வீடுகளைத் திறந்தவெளி அருங்காட்சியகமாகப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். நடுவே பெரிய வீடு. சுற்றிலும் சிறு சிறு மரக் குடில்கள். கல்யாணமான ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குடில். ஆனால் அந்தக் குடில்களில் அடுப்பு கிடையாது! படுக்கை தனி, சாப்பாடு பொது. குளிர்காலத்தில் பனி கொட்டினாலும் நெருப்பு எரிவது பெரிய வீட்டின் நடுக்கூடத்தில் மட்டுமே. அங்கே உத்தரத்திலிருந்து சங்கிலி தொங்கும். அதில் கொப்பரை தொங்கும். அடுப்பு எரியும் அந்தக் கூடத்துக்குச் செர்பிய மொழியில் என்ன பெயர் தெரியுமா? 'குச்சா'. வீடு என்பதற்கும் அதே சொல்தான். அடுப்பு இருக்கும் இடமே வீடு என்பது அவர்கள் பாஷையிலேயே பதிந்து கிடக்கிறது.

தாழ்வான வட்ட மேஜையைச் சுற்றி மூன்று கால் முக்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, பொதுவான பாத்திரத்திலிருந்து மரக் கரண்டியால் சாப்பிட்டார்கள். குடும்பத் தலைவருக்கு 'டொமாச்சின்' என்று பெயர். அவர் உட்காராமல் பந்தி தொடங்காது. முதல் பந்தி ஆண்களுக்கு. பரிமாறிய பெண்கள் பிறகுதான் சாப்பிட்டார்கள். சமையல் முறைவைத்து நடந்தது: ஒரு வாரம் ஒரு மருமகள், மறு வாரம் இன்னொருத்தி. அந்த வாரத்து முறைக்காரிக்கு 'ரெதுஷா' என்று பட்டப்பெயர். இருபது, முப்பது வாய்களுக்கு ரொட்டி சுட்டு, பால் கறந்து, கஞ்சி காய்ச்ச வேண்டிய பொறுப்பு அவள் தலையில். கூட்டுக் குடும்பத்தின் பெருமையைப் பேசுகிறவர்கள் இந்த வேலைச் சுமையை மறந்துவிடக் கூடாது.

தினசரிச் சாப்பாடு எளிமையானதுதான். கோதுமை ரொட்டி பண்டிகைச் சாப்பாடு. ஏழைகளின் அன்றாட ரொட்டி, சோளமாவில் சுட்ட 'ப்ரோயா'. கூடவே பீன்ஸ் கொட்டை வேகவைத்த குழம்பு, வெங்காயம், தயிர், 'கைமாக்' என்ற பாலேடு. காய்ச்சிய பாலை அகலமான மரப் பாத்திரங்களில் ஊற்றி ஆறவிட்டு, மேலே படியும் ஏட்டை அடுக்கடுக்காகச் சேர்த்து உப்பிட்டு வைப்பதே கைமாக். அந்த மக்காச்சோளமும், பீன்ஸும், மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. கொலம்பஸ் காலத்துக்கு முன்னே அந்த மண்ணில் ஒருவரும் அவற்றைக் கண்டதில்லை.

துருக்கியர் விட்டுப்போனவை

1459-ல் ஸ்மெடரெவோ கோட்டை விழுந்தது முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை செர்பியா துருக்கி சுல்தான்களின் ஆட்சியில் இருந்தது. முழுச் சுதந்திரம் உலக அரங்கில் அங்கீகரிக்கப்பட்டது 1878-ல். ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் சமையல் போகவில்லை. முட்டைக்கோஸ் இலையில் கொத்துக்கறியும் அரிசியும் வைத்துச் சுருட்டும் 'சார்மா', காகிதம் போல் மெல்லிய மாவு ஏடுகளுக்கு நடுவே இறைச்சியோ பாலாடைக்கட்டியோ வைத்துச் சுடும் 'புரேக்', நெருப்பில் வாட்டும் 'செவாப்' எல்லாம் துருக்கிப் பெயர்கள்தாம். நீள் பிடி வைத்த சிறு பாத்திரத்தில், வடிகட்டாமல் பொங்கவிட்டு எடுக்கும் காபியும் அவர்கள் கொடுத்ததே. தெற்கே நிஷ் நகரத்தில் காலைச் சாப்பாடு என்றால் புரேக்கும் ஒரு டம்ளர் மோர் போன்ற தயிரும்தான். வடக்கே வொய்வொடினா சமவெளியிலோ ஆஸ்திரிய-ஹங்கேரி ஆட்சியின் சாயல். அங்கே சூப், நூடுல்ஸ், கசகசா வைத்துச் சுருட்டிய பலகாரம்.

இதில் நமக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு. குடைமிளகாயைச் செர்பியர்கள் 'பாப்ரிகா' என்கிறார்கள். வடமொழியில் 'பிப்பலி', தமிழில் திப்பிலி என்று வழங்கும் சரக்கின் பெயர் கிரேக்கத்தில் 'பெபெரி'யாகி, லத்தீனில் 'பிபெர்' ஆகி, ஸ்லாவியரிடம் போய், அங்கிருந்து பிறந்ததே இந்தச் சொல். சர்க்கரையை அவர்கள் 'ஷெச்செர்' என்கிறார்கள். வடமொழி 'சர்க்கரா' பாரசீகம், துருக்கி வழியாகப் போய் அப்படித் தேய்ந்தது. விருந்தாளிக்கு முதலில் நீட்டும் பாகில் நம் சர்க்கரையின் பெயர் கரைந்திருக்கிறது!

ஜாடிக்குள் குளிர்காலம்

செப்டம்பர் மாதம் பிறந்தால் செர்பிய வீதிகளில் மிளகாய் சுடும் வாசனை மூக்கைத் துளைக்கும். காரமில்லாத சிவப்பு மிளகாயை மூட்டை மூட்டையாக வாங்கி வந்து நெருப்பில் சுடுகிறார்கள். தோல் கருகியதும் பாத்திரத்தில் போட்டு மூடி வியர்க்கவிட்டு, தோலை உரித்து, விதை நீக்கி, அரைத்து, எண்ணெய் விட்டு மணிக்கணக்கில் கிளறுகிறார்கள். கை ஓய்ந்தால் அடிப்பிடித்துவிடும். ஒரு மூட்டை மிளகாய் கடைசியில் சில ஜாடிகளாகச் சுருங்கிவிடும். இதுவே 'ஐவார்'. ரொட்டியில் தடவிச் சாப்பிடும் துவையல் என்று வைத்துக்கொள்ளலாம். லெஸ்கோவாட்ஸ் வட்டாரத்து ஐவார் பிரசித்தமானது.

அடுத்து முட்டைக்கோஸ். இலை பிரிக்காமல் முழுசு முழுசாகப் பீப்பாயில் அடுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி வாரக்கணக்கில் புளிக்கவைப்பார்கள். இடையிடையே தண்ணீரை வடித்து மறுபடி மேலே ஊற்ற வேண்டும். அந்த இலையில்தான் சார்மா சுருட்டுவது. முதல் நாளை விட மறுநாள் சூடு பண்ணிய சார்மாதான் ருசி என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். ஆகவே எந்த வீட்டிலும் ஒரு வேளைக்கு மட்டும் சார்மா செய்வதில்லை. குளிர்காலத்துக்கென்று இப்படிச் சேர்த்து வைப்பதற்கெல்லாம் பொதுப் பெயர் 'ஸிம்னிட்சா'.

இந்த ஜாடிகளின் அருமை 1993-ல் தெரிந்தது. ஐ.நா. தடைகள் ஒரு பக்கம், அண்டை நாடுகளில் போர் மறுபக்கம். பணவீக்கம் கட்டுமீறிப் போய், 50,000 கோடி தினார் மதிப்புள்ள ஒற்றை நோட்டை அரசாங்கம் அச்சடித்தது. காலையில் வாங்கிய சம்பளம் மாலையில் செல்லாக்காசு. கடைகளில் சரக்கில்லை. அந்தப் பஞ்ச காலத்தில் நகரத்துக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தவை கிராமத்து உறவினர் கொடுத்தனுப்பிய மாவும், பீன்ஸும், பரணில் இருந்த ஜாடிகளும்தான்.

விரதமும் பண்டிகையும்

கறி விருந்துக்குப் பேர்போன இந்த மக்கள், முறைப்படி அனுசரித்தால், வருஷத்தில் ஏறக்குறையப் பாதி நாள் விரதம் இருக்க வேண்டியவர்கள்! புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்திய ஏழு வாரம், கிறிஸ்துமசுக்கு முன் நாற்பது நாள், இடையே வேறு சில விரதங்கள். அந்த நாட்களில் மாமிசம், முட்டை, பால், தயிர் எதுவும் கூடாது. கடுமையான நாட்களில் எண்ணெய்கூடச் சேர்ப்பதில்லை. அதனால் பீன்ஸ், காளான், அக்ரூட், உலர்ந்த பழங்களைக் கொண்டே ஒரு தனிச் சமையல் வளர்ந்திருக்கிறது.

ஜனவரி 6-ந் தேதி கிறிஸ்துமஸ் முன்னிரவு. வீட்டுத் தரையில் வைக்கோல் பரப்பி, கூடத்தின் நான்கு மூலையிலும் அக்ரூட் கொட்டைகளை வீசுவார்கள். அன்றும் விரதச் சாப்பாடுதான்: மீன், பீன்ஸ், தேன், உலர்ந்த பிளம். மறுநாள் விரதம் முடிந்து பன்றி வறுவல். அன்று சுடும் 'சேஸ்னிட்சா' என்ற ரொட்டிக்குள் ஒரு நாணயம் இருக்கும். கத்தி வைக்காமல் எல்லோரும் கூடிப் பிய்ப்பார்கள். நாணயம் யார் பங்கில் வருகிறதோ அவருக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். பல குடும்பங்களில் வீட்டுக்கென்று ஒரு துண்டும், வெளியூரில் இருப்பவர் பேரில் ஒரு துண்டும் தனியே எடுத்து வைப்பார்கள். ஊரில் இல்லாதவனுக்கும் பங்கு உண்டு.

ஈஸ்டரில் முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். முதலில் சாயம் ஏற்றிய முட்டையைச் சாப்பிடாமல், அடுத்த ஈஸ்டர் வரை வீட்டுக்குக் காவலாக வைத்திருப்பது வழக்கம்.

குடும்பத்துக்கு ஒரு திருநாள்

இவை எல்லாவற்றுக்கும் மேலானது 'ஸ்லாவா'. ஒவ்வொரு செர்பியக் குடும்பத்துக்கும் காவலாக ஒரு புனிதர் உண்டு; அவருடைய நாளே அந்தக் குடும்பத்தின் ஸ்லாவா. முன்னோர் ஞானஸ்நானம் பெற்ற நாளின் நினைவே இது என்பது மரபான நம்பிக்கை. புனித நிக்கோலஸ் என்றால் டிசம்பர் 19; புனித ஜார்ஜ் என்றால் மே 6; அதிதூதர் மைக்கேல் என்றால் நவம்பர் 21. குலதெய்வம் போல இது தந்தையிடமிருந்து மகனுக்கு வருகிறது. மணமாகிப் போகும் பெண் புகுந்த வீட்டு ஸ்லாவாவை ஏற்கிறாள். வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவரோ மாமனார் வீட்டு ஸ்லாவாவையும் ஏற்பது வழக்கம். 2014-ம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் ஸ்லாவாவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

சில நாள் முன்னதாகவே பாதிரியார் வீட்டுக்கு வந்து தண்ணீரை மந்திரித்துக் கொடுப்பார். அந்தத் தண்ணீரில் மாவு பிசைந்து வட்டமான ரொட்டி சுடுகிறார்கள். மேலே சிலுவை, புறா, கோதுமைக் கதிர், திராட்சைக் குலை என்று மாவிலேயே அலங்காரம். வேகவைத்த கோதுமையை அக்ரூட்டும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து குவித்து வைக்கிறார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றப்படுகிறது. பாதிரியாரும் வீட்டார் அனைவரும் ரொட்டியைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றி, சிலுவை வடிவில் கீறி, சிவப்பு ஒயின் ஊற்றி, இரண்டாகப் பிளப்பார்கள். உள்ளே வரும் ஒவ்வொருவரும் முதலில் ஒரு கரண்டி கோதுமை எடுத்துச் சாப்பிட வேண்டும். இறந்த முன்னோரையும், மண்ணில் விழுந்து மறுபடி முளைக்கும் விதையையும் அந்தக் கோதுமை குறிக்கிறது.

இதில் விசேஷம் என்னவென்றால், ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை! தேதி தெரிந்தவர் வர வேண்டியதுதான். போன வருஷம் வந்தவர் இந்த வருஷமும் வருவார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். அழையா விருந்தாளி என்றால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே அழைப்பை எதிர்பார்த்துக் காத்திருப்பவர்தான் பரிகாசத்துக்கு ஆளாவார். பழைய முறைப்படி வீட்டுத் தலைவர் அன்று விருந்தாளிகளோடு உட்காருவதில்லை. நின்றபடியே ஊற்றிக் கொடுப்பார், உபசரிப்பார். பன்றிக்கறி, சூப், சார்மா, வறுவல், ஏழெட்டு வகைக் கேக், பிளம் பழத்தில் வடித்த ராகியா மது என்று பந்தி நீளும். ராகியா கிண்ணத்தை உயர்த்தும்போது எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்க்காமல் குடிப்பது மரியாதை இல்லை. ஸ்லாவா விரத நாளில் வந்துவிட்டால் மீன், பீன்ஸ், எண்ணெயில் செய்த பலகாரங்கள் மட்டும். நிக்கோலஸ் நாள் எப்போதும் கிறிஸ்துமஸ் விரதத்துக்குள் விழுவதால், அந்தக் குடும்பங்களுக்கு என்றுமே மீன் விருந்துதான்.

பிரிந்தவர்களும் போனவர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரியும் பணப் புழக்கமும் கிராமத்துக்குள் நுழைந்தன. ஸாத்ருகாக்கள் உடையத் தொடங்கின. பாகப்பிரிவினை நடந்தது, நிலத்தையும் மாட்டையும் பங்கிட்டார்கள். ஸ்லாவாவை மட்டும் பங்கிட முடியாது. தனிக்குடித்தனம் போன ஒவ்வொரு சகோதரனும் அதே புனிதரை, அதே தேதியில், தன் அடுப்படியிலேயே கொண்டாடினான். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகளும் ஒரே நாளில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள்.

1945-க்குப் பின் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. கட்சிக்காரர்களும் அதிகாரிகளும் ஸ்லாவாவைக் கைவிட்டார்கள். அல்லது திரை போட்டுக்கொண்டு செய்தார்கள். கிராமத்துக் கிழவர்கள் விடவில்லை. மகன் நகரத்தில் உத்தியோகஸ்தன். அப்பாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு அந்தத் தேதியில் ஊருக்குப் போய்வருவான். 1980-களின் இறுதியில் எல்லாம் மறுபடி வெளிப்படையாயிற்று.

அதற்குள் வேறொரு பிரிவு வந்துவிட்டது. 1968-ல் மேற்கு ஜெர்மனியுடன் யுகோஸ்லாவியா தொழிலாளர் ஒப்பந்தம் செய்துகொண்டது. லட்சக்கணக்கானோர் ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். சில வருஷம் சம்பாதித்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று போனவர்கள்தான் அதிகம். சம்பாத்தியத்தை அனுப்பிக் கிழக்குச் செர்பியக் கிராமங்களில் மாடி மேல் மாடியாக வீடு கட்டினார்கள். அந்த வீடுகளில் பல இன்று வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கின்றன. கோடை விடுமுறையில் மட்டும் ஜன்னல் திறக்கும். அடுப்பெரியாத வீட்டைக் 'குச்சா' என்று சொல்லலாமா என்பது அங்கேயுள்ள வயோதிகர்களின் வேதனை.

ஆனால் ஸ்லாவா பூட்டிய வீட்டில் தங்கவில்லை, உடமஸ்தனோடு போய்விட்டது. 1990-களின் போர்களில் குரோஷியாவிலிருந்தும் பாஸ்னியாவிலிருந்தும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டோர் அகதிகளாகச் செர்பியாவுக்கு ஓடி வந்தார்கள். வீடும் நிலமும் போன அவர்களுக்கும் அந்தத் தேதி போகவில்லை. ஏன் என்று யோசித்தால் காரணம் எளிது. ஸ்லாவாவுக்குக் கட்டாயம் வேண்டியவை நாலே பொருள்: ஒரு ரொட்டி, ஒரு பிடி கோதுமை, கொஞ்சம் ஒயின், ஒரு மெழுகுவர்த்தி. பன்றியும் கேக்கும் வசதிக்குத் தகுந்தபடி. கடன் வாங்கியாவது பெரிய விருந்து போட வேண்டும் என்று சிலர் கௌரவம் பார்ப்பதுண்டு. தீனி வேறு, திருநாள் வேறு என்று பாதிரியார்கள் நினைவூட்டுவதும் உண்டு. வியன்னாவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் கட்டடத் தொழிலாளிக்கும் அந்த நாலு பொருள் கிடைத்துவிடும். தேதியை மாற்ற முடியாதாகையால், வேலை முடிந்து வந்து மாலையில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள் உண்டு. விருந்தை வார இறுதிக்குத் தள்ளிக்கொள்கிறார்கள்.

சொந்த நாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தச் சங்கடம் இல்லை. 2001-ம் ஆண்டின் விடுமுறைச் சட்டம் செர்பியாவில் ஒரு புதுமையான உரிமையைத் தந்திருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் சமயத்தைச் சேர்ந்த ஊழியர் எவரும் தம் குடும்ப ஸ்லாவாவின் முதல் நாளன்று வேலைக்கு வர வேண்டியதில்லை. நாடு முழுவதற்கும் ஒரே தேதி அல்ல; ஆளுக்கு ஆள், வீட்டுக்கு வீடு தேதி வேறு. ஆலைத் தொழிலாளியானாலும் ஆபீஸ் குமாஸ்தாவானாலும், தாத்தா ஏற்றிய மெழுகுவர்த்தியைத் தானும் ஏற்ற அரசாங்கமே ஒரு நாள் ஒதுக்கிவிட்டது. அன்று மாலை விருந்தாளிகள் போன பிறகு, வீட்டுத் தலைவர் சில சொட்டு ஒயினைத் தொட்டு மெழுகுவர்த்தியை அணைக்கிறார். மிச்சமிருக்கும் சார்மா மறுநாளைக்கு ஆகும்.